கடலுக்குள் ஒரு தட்டம்மை

வீட்டில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை கண்டால் நம் பாட்டிமார் என்ன செய்வார்கள் என்பதை வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்தைச் செருகுவார்கள். மற்றக் குழந்தைகளை மாமா வீட்டுக்கு அனுப்பி வைப்பார்கள். அப்புறம், தாங்கள் மாத்திரம் ஓர் அச்சமுமின்றி நோயாளிக் குழந்தையின் தலைமாட்டிலேயே உட்கார்ந்து கொள்வார்கள். "எனக்குத்தான் ஏழு வயதிலேயே வார்த்தாகி விட்டதே, இனி என்னை அது திரும்பிப் பார்க்குமா?" என்று கேட்பார்கள். பாட்டி வைத்திய சாஸ்திரம் படித்தவள் அல்ல. ஆனால் அந்தச் சாஸ்திரத்தின் பெரிய உண்மை ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதே உண்மையை ஐரோப்பிய டாக்டர் ஒருவர் 1846-ஆம் வருஷத்தில் கணக்கெழுதி ருசுப்படுத்தினார். ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே, நடுக்கடலில் பேரோ தீவுகள் என்று சில சிறு தீவுகள் இருக்கின்றன. அங்கே அப்பொழுது வாழ்ந்தவர்கள் 7,782 பேர். அந்த வருஷம் வெளியூரிலிருந்து வந்த கப்பல் பிரயாணி ஒருவரோடு தட்டம்மையும் வந்து இறங்கிற்று. சில மாதங்களுக்குள் சுமார் 6,000 பேர் படுக்கையில் விழுந்தார்கள். டென்மார்க் சர்க்கார் பீட்டர் பானும் என்ற இளம் டாக்டரை அனுப்பி வைத்தது. அவர் வீடு வீடாகச் சென்று விசாரித்து ஓர் ஆச்சரியமான விஷயத்தைக் கண்டுபிடித்தார். அத்தீவுகளில் அதற்கு முன்பு தட்டம்மை வந்தது 1781-இல். அதாவது, 65 வருஷங்களுக்கு முன்பு. அந்தக் காலத்தில் சிறு குழந்தைகளாக இருந்து நோய்ப்பட்டுப் பிழைத்த கிழவர் கிழவிகள் பலர் 1846-இல் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவரைக்கூட நோய் இரண்டாந்தடவை தொடவில்லை. முன்பு நோய் காணாத முதியவர்களையோ அது குழந்தைகளைப் போலவே பிடித்துக் கொண்டது.

எங்கோ கிடக்கும் தீவுகளின் பழங்கதை நமக்கு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். அதே நாடகம் அதே அட்லாண்டிக் சமுத்திரத்தில், கரையில் அல்ல, தண்ணீருக்குள்ளேயே நடந்திருக்கிறது. நடித்தவர்கள் திமிங்கிலங்களும், நம் கடற்கரைவாசிகள் ஓங்கில் என்று அழைக்கும் டால்பின்களும்.

திமிங்கிலம் மீனல்ல என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அது காற்றைச் சுவாசிக்கிறது. குட்டி போட்டுப் பால் கொடுக்கிறது. அதன் இரத்தம் வெப்பமானது. நிலத்து மிருகங்களுக்குள் அதற்கு மிக நெருங்கிய பந்து நீர்யானை. ஆடு மாடுகளும் தூரத்துத் தாயாதிகள்தாம். உறவு இருந்தால் உறவினருக்கு வரும் வியாதிகளும் வரத்தானே செய்யும்? திமிங்கிலத்துக்கு நுரையீரல் உண்டு, ஆகவே கபவாத ஜுரம் உண்டு. மூளை உண்டு, ஆகவே மூளை அழற்சியும் உண்டு. இவையெல்லாவற்றையும் ஒருங்கே கொண்டு வரும் கொள்ளை நோய் ஒன்றும் உண்டு.

இந்த நோயை உண்டாக்கும் வைரஸ் ஒரு கெட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. மனிதருக்குத் தட்டம்மையைத் தருவது அந்தக் குடும்பம். நாய்களுக்கு டிஸ்டெம்பர் என்ற நோயைத் தருவதும் அதுதான். ஊர் ஊராக மாட்டுக் கொட்டில்களைக் காலி செய்து, குடியானவர்களைக் கண்ணீர் விட வைத்த வெக்கை நோயும் அதே குடும்பத்தின் வேலைதான். (அந்த வெக்கை 2011-ஆம் வருஷத்தோடு பூமியிலிருந்தே ஒழிந்தது என்று உலக நாடுகள் அறிவித்துவிட்டன. மனிதன் அடியோடு ஒழித்த நோய்களில் அம்மைக்கு அடுத்தபடி இரண்டாவது அது.) டால்பின்களைப் பிடிக்கும் வைரஸ், நாயின் நோயைவிட வெக்கைக்கும் தட்டம்மைக்கும்தான் நெருங்கிய உறவு என்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள்.

1987-ஆம் வருஷம் ஜூன் மாதம். அமெரிக்காவின் கீழ்க்கரையில், நியூஜெர்ஸி ராஜ்யத்தின் மணலில், டால்பின்களின் சடலங்கள் ஒவ்வொன்றாக ஒதுங்க ஆரம்பித்தன. பிறகு அந்தச் சாவு, கரையோரமாகவே தெற்கு நோக்கி நடந்தது. வர்ஜீனியா, கரோலினா என்று ராஜ்யம் ராஜ்யமாக இறங்கி, அடுத்த வருஷம் வஸந்த காலத்துக்குள் புளோரிடா வரை போய்விட்டது. எண்ணிக்கைக்கு அகப்பட்ட சடலங்களே 740-க்கு மேல். அகப்படாமல் கடலோடு போனவை எத்தனையோ! சடலங்களின் தோலில் புண்கள், நுரையீரல்களில் சீழ், உள்ளே விதவிதமான கிருமிகள். எந்தக் கிருமி கொன்றது என்று சொல்ல முடியாதபடி எல்லாக் கிருமிகளும் இருந்தன.

ஜோஸப் ஜெராஸி என்ற விஞ்ஞானியின் தலைமையில் நடந்த விசாரணை, 1989-இல் ஒரு தீர்ப்பைச் சொல்லிற்று. சில காலங்களில் கடல் நீரைச் செந்நிறமாக்கும் ஒருவித நுண்பாசி உண்டு. அதன் விஷம் மீன்களில் ஏறி, மீன்களைத் தின்ற டால்பின்களைப் பலவீனப்படுத்திவிட்டது, பிறகு கிருமிகள் புகுந்துகொண்டன என்பது அந்தத் தீர்ப்பு. அந்தப் பாசி விஷம் சில டால்பின்களின் ஈரலில் இருந்ததும் உண்மைதான். ஆகவே அவர்களைக் குறை சொல்ல நாம் முன்வரவில்லை. திமிங்கில இனத்துக்கு இப்படி ஒரு தட்டம்மை உண்டு என்பதையே அந்தச் சாவு தொடங்கியபோது ஒருவரும் அறியார். பெயரே இல்லாத குற்றவாளியை எந்தப் போலீஸ்காரர் பிடிப்பார்?

பெயர் வேறொரு திசையிலிருந்து வந்தது. 1988-இல் டென்மார்க்கைச் சேர்ந்த அன்ஹோல்ட் தீவின் கரையில் கடல்நாய்கள் அகாலத்தில் குட்டிகளைக் கருச்சிதைத்தன. பிறகு பெரியவைகளும் மாண்டன. சில மாதங்களுக்குள் வட ஐரோப்பாவில் சுமார் 18,000 கடல்நாய்கள் மடிந்தன. அதற்குக் காரணம் நாய் டிஸ்டெம்பரின் உறவுக்கார வைரஸ் என்று தெரிந்தது. அதே சமயத்தில் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய சில கடற்பன்றிகளிலும் இக்குடும்பத்து வைரஸ் ஒன்று அகப்பட்டது. இரண்டு வருஷம் கழித்து, 1990 ஜூலையில், ஸ்பெயினில் வலென்ஸியா நகரத்துக் கரையில் வரி டால்பின்கள் ஒதுங்கத் தொடங்கின. மரியானோ டொமிங்கோ முதலியோர் உடனே அவற்றில் இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். நோயோ மத்தியதரைக் கடலைக் கிழக்கு நோக்கித் தாண்டி, இத்தாலி, கிரீஸ் வழியாக 1992-இல் துருக்கி வரை சென்று, ஆயிரக்கணக்கில் கொன்றுவிட்டு அடங்கிற்று.

இப்பொழுது அமெரிக்காவில் பழைய கட்டைத் திரும்ப அவிழ்த்தார்கள். 1987-இல் இறந்த டால்பின்களின் நுரையீரல் துண்டுகளை யாரோ புண்ணியவான்கள் மெழுகில் பதித்துப் பத்திரப்படுத்தி இருந்தார்கள். தாமஸ் லிப்ஸ்கோம் என்பவரும் அவருடைய சகாக்களும் அவற்றைப் புது முறையில் சோதித்து, 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதித்தவற்றில் பாதிக்குச் சற்று மேற்பட்டவற்றில் அந்த வைரஸ் நோயின் அடையாளம் இருந்தது. ஏழு வருஷத்துக்குப் பிறகு வழக்குத் தீர்ந்தது. ஒரு மெழுகுத் துண்டை எறிந்துவிடாமல் பெட்டியில் போட்டு வைப்பதும் தேசத்துக்குச் செய்யும் சேவைதான் என்று நமக்குத் தோன்றுகிறது.

வழக்குத் தீர்ந்ததே தவிர நோய் தீரவில்லை. 2013 ஜூலையில் அதே கரையில் அது திரும்பி வந்தது. நியூயார்க்கிலிருந்து புளோரிடா வரை, 2015 மார்ச் வரைக்கும், 1,600-க்கு மேற்பட்ட டால்பின்கள் கரை ஒதுங்கின. முன் தடவையைவிட இரண்டு மடங்கு. இந்தத் தடவை குற்றவாளியின் பெயர் சீக்கிரத்திலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒன்றும் செய்வதற்கில்லை. சடலங்களை எண்ணினார்கள்.

இரண்டு சாவுகளுக்கும் இடையே சுமார் 25 வருஷம். பேரோ தீவின் 65 வருஷங்களை இங்கே வாசகர்கள் நினைவுபடுத்திக் கொள்ள வேண்டும். இந்த வைரஸ் ஒரு தடவை வந்து போனால், பிழைத்தவற்றின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி நிலைத்து நிற்கிறது. கூட்டத்தில் பெரும்பாலானவை அப்படி இருக்கும்வரை, புதிதாக நெருப்பு விழுந்தாலும் பரவ விறகு இராது. ஆனால் அந்தச் சக்தி பிழைத்தவற்றின் சொந்தச் சொத்து. அதைக் குட்டிகளுக்கு உயில் எழுதி வைக்க முடியாது. பிறந்த புதிதில் தாய்ப்பாலோடு கொஞ்சம் கிடைப்பது சீக்கிரம் கரைந்து போகிறது. வருஷம் ஆக ஆகக் கிழங்கள் மறைகின்றன. நோய் காணாத இளசுகள் பெருகுகின்றன. கால் நூற்றாண்டில் கடல் முழுவதும் காய்ந்த விறகு. 2013-இல் நடந்தது இதுதான் என்பது அதை ஆராய்ந்தவர்களின் கருத்து.

இடையில் நெருப்பை அணையாமல் எங்கே வைத்திருந்தார்கள் என்று ஒரு கேள்வி எழும். தட்டம்மை ஓரிடத்தில் ஓயாமல் நிலைத்திருப்பதற்குச் சில லட்சம் ஜனங்களாவது சேர்ந்து வாழவேண்டும். சிறு தீவுகளில் அது வந்து எரிந்து அணைந்துவிடும். கரையோர டால்பின் கூட்டமும் சிறு தீவைப் போன்றதே. அப்படியானால் பெரிய ஊர் எது? சந்தேகம் பைலட் திமிங்கிலங்களின் மேல் விழுந்தது. இவை நூற்றுக்கணக்கில் கூடி ஆழ்கடலில் நெடுந்தூரம் சஞ்சரிப்பவை. வழியில் பலவகை டால்பின்களோடு கலந்து நீந்துபவை. மேற்கு அட்லாண்டிக்கில் பைலட் திமிங்கிலங்களின் இரத்தத்தைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு 86-இல் இந்த வைரஸுக்கு எதிர்ப்பொருள் இருப்பதாக 1995-இல் தெரிவித்தார்கள். அதாவது, நோய் அவற்றுக்குப் பழைய சிநேகிதம். துறைமுகம் துறைமுகமாகச் சென்ற அந்தக் காலத்துக் கப்பலைப் போல இவை நெருப்பை எடுத்துச் செல்லுகின்றன என்று கருதுகிறார்கள். (1973-இலும் 2016-இலும் தைப் பொங்கலை ஒட்டிய நாட்களில் நம் மணப்பாடு, திருச்செந்தூர்ப் பக்கத்துக் கரைகளில் கூட்டங்கூட்டமாக ஏறி மாண்டவையும் இந்த ஜாதிதான். அந்தக் கதை வேறு. அதை இதோடு முடிச்சுப் போட வேண்டாம்.)

நோய் பரவும் வழி சுலபமானது. மூச்சு! டால்பின் ஒரே மூச்சில் நுரையீரலில் உள்ள காற்றில் நூற்றுக்கு 80 பங்கு வரை மாற்றிக்கொள்ளும். நாம் சாதாரணமாக விடும் மூச்சில் அதில் கால்வாசி கூட மாறுவதில்லை. உச்சந் தலையிலுள்ள துவாரம் திறந்ததும் ஒரு வினாடிக்குள் வெடித்துப் பீறிட்டுக்கொண்டு வருகிறது காற்று; அதே வினாடியில் புதுக் காற்று உள்ளே போகிறது. நம் மூக்கில் காற்றை வடிகட்டித் தூசியைப் பிடித்துக்கொள்ளச் சுருள் எலும்புகளும் சளிச் சவ்வும் இருக்கின்றன அல்லவா? அந்தச் சுருள்கள் திமிங்கிலங்களுக்கு இல்லை. பக்கத்தில் நீந்தும் துணை விட்ட மூச்சின் துளிகள் நேரே நுரையீரலுக்குப் போய்ச் சேருகின்றன. டால்பின்களோ ஒன்றையொன்று உரசிக்கொண்டு, ஒரே சமயத்தில் மேலே வந்து மூச்சுவிடும் பிராணிகள். ஒற்றுமையே ஆபத்தாய் முடிகிறது.

உள்ளே போன வைரஸ் முதலில் கைவைப்பது கோட்டைக் காவலர்களின் மேலேயே. நோயோடு போர் புரிய வேண்டிய வெள்ளை அணுக்களையே அது பிடித்து அழிக்கிறது. காவல் விழுந்ததும் பூஞ்சைக் காளானும் மற்றக் கிருமிகளும் திறந்த வாசல் வழியாக வருகின்றன. 1987-இல் சடலங்களுக்குள் எல்லாக் கிருமிகளும் இருந்ததன் ரகசியம் இதுவே. தப்பிப் பிழைத்த சிலவற்றிலும் வைரஸ் மூளைக்குள் ஒளிந்திருந்து, வருஷங்கள் கழித்துக் கொல்லுவதுண்டு. தட்டம்மை கண்ட குழந்தைகளில் மிகச் சிலருக்குப் பல வருஷத்துக்குப் பின் வரும் மூளை நோயை இது அப்படியே ஒத்திருக்கிறது.

பல்லுள்ள திமிங்கிலங்களுக்கு (டால்பின்கள் இந்த வகுப்பு) ஒரு பரம்பரைக் குறையும் உண்டு. பாலூட்டிகளின் தேகத்தில் வைரஸைத் தடுப்பதற்கென்றே எம்.எக்ஸ். என்னும் இரண்டு ஜீன்கள் இருக்கின்றன. நமக்கு உண்டு, மாட்டுக்கு உண்டு, பல்லில்லாத பெரிய திமிங்கிலங்களுக்கும் உண்டு. பல்லுள்ள திமிங்கிலங்கள் மாத்திரம் தங்கள் ஆதி முன்னோர் காலத்திலேயே இரண்டையும் இழந்துவிட்டன என்று 2015-இல் தெரியவந்தது. கோடிக்கணக்கான வருஷங்கள் அவை இல்லாமலே பிழைத்து வந்திருக்கின்றன. ஆகவே வேறு கவசங்கள் இருக்கவேண்டும்.

அந்தக் கவசத்தில் ஓட்டை போட்டது யார் என்பதுதான் நம்மைத் தலைகுனிய வைக்கும் விஷயம். மின்சார டிரான்ஸ்பார்மர்களில் ஊற்றுவதற்கென்று பி.ஸி.பி. என்ற ஒருவித எண்ணெயைப் பல தேசங்கள் டன் டன்னாகத் தயாரித்தன. அது எரியாது, கெடாது, அழுகாது என்று புகழ்ந்தார்கள். கெடாது என்ற அந்தக் குணமே வினையாயிற்று. கடலுக்குப் போன எண்ணெய் சிறு பிராணியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து டால்பினுக்கும் ஏறி, கடைசியில் அதன் கொழுப்பில் தங்கிவிட்டது. 1979-இல் அமெரிக்கா அதன் உற்பத்தியைத் தடுத்தது. 2001-இல் ஸ்டாக்ஹோமில் பல தேசங்கள் கூடி உடன்படிக்கை செய்தன. கொழுப்பில் இருப்பது உடன்படிக்கையைப் படிக்குமா? வலென்ஸியாவில் இறந்த வரி டால்பின்களின் கொழுப்பில், நல்ல நிலையிலிருந்த டால்பின்களைவிட மிக அதிகமான பி.ஸி.பி. இருந்தது. புளோரிடாவில் ஸாரஸோட்டா விரிகுடாவில் டால்பின்களைப் பிடித்து, இரத்தம் எடுத்து, திரும்ப விட்டுவிடுகிறார்கள். அந்த இரத்தத்தைச் சோதித்ததில், விஷம் எவ்வளவுக்கு அதிகமோ அவ்வளவுக்கு வெள்ளை அணுக்களின் வேகம் குறைவாக இருந்தது. ஹாலந்தில் இன்னும் நேராகவே பார்த்துவிட்டார்கள். ஒரு கூட்டம் கடல்நாய்களுக்குச் சுத்தமான அட்லாண்டிக் மீனையும், மற்றொரு கூட்டத்துக்கு அசுத்தமான பால்டிக் கடல் மீனையும் இரண்டு வருஷத்துக்கு மேல் போட்டு வளர்த்தார்கள். பால்டிக் மீன் தின்றவற்றின் எதிர்ப்புச் சக்தி கண்கூடாகக் குறைந்தது.

ஆண் டால்பினுக்கு வயது ஏற ஏற விஷமும் ஏறிக்கொண்டே போகிறது. பெண்ணுக்கு இறங்குகிறது. எங்கே இறங்குகிறது? குட்டிக்கு. தாயின் கொழுப்பிலிருந்துதானே பால் சுரக்கிறது! வருஷக்கணக்காகச் சேர்ந்த விஷத்தில் பெரும்பகுதியைத் தலைச்சன் குட்டி குடித்துவிடுகிறது. அடுத்த குட்டிகளுக்குக் கொஞ்சந்தான் மிச்சம். ஸாரஸோட்டாவில் தலைச்சன் குட்டிகள் மற்றவற்றைவிட அதிகமாக இறந்து போகின்றன. தாயின் அநுபவமின்மையும் ஒரு காரணமாயிருக்கலாம். ஆனால் பாலின் பங்கை மறுப்பதற்கில்லை. நோயைத் தடுக்கும் சக்தியையும் அதை முறிக்கும் விஷத்தையும் ஒரே முலையில் ஊட்டும் நிலைமையில் ஒரு தாயை வைத்திருக்கிறோம்.

இது விலங்குகளோடு நின்றுவிடவில்லை. பேரோ தீவு ஜனங்கள் நெடுங்காலமாகப் பைலட் திமிங்கிலங்களை வேட்டையாடி உண்பவர்கள். ஆகவே திமிங்கிலத்தின் கொழுப்பிலிருந்த பி.ஸி.பி. அவ்வூர்த் தாய்மார்களின் தேகத்துக்கும், பிறகு குழந்தைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. விஷம் அதிகம் ஏறிய குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான், இசிவு ஜன்னி ஆகியவற்றுக்கு ஊசி போட்டபோது, எதிர்ப்பொருள் மற்றக் குழந்தைகளுக்குச் சுரந்ததைவிடக் குறைவாகவே சுரந்தது. 2006-இல் இதை வெளியிட்டார்கள். 2008-இல் அத்தீவுகளின் பிரதம வைத்திய அதிகாரிகள், பைலட் திமிங்கில மாம்சம் இனி மனிதர் உண்ணத் தகுந்ததல்ல என்று தெரிவித்துவிட்டார்கள். பானும் டாக்டர் எதிர்ப்புச் சக்தியின் கணக்கை எழுதிய அதே தீவுகளில்!

நிலம் கடலுக்கு விஷத்தை மட்டுமா அனுப்புகிறது? நோயையும் அனுப்புகிறது. நியூஸிலாந்தில் ஹெக்டர் டால்பின் என்று ஒரு சிறிய ஜாதி உண்டு. 2007 முதல் 2011 வரை ஒதுங்கிய சடலங்களில் 28-ஐச் சோதித்ததில் ஏழு, டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியால் இறந்தவை. இந்த ஒட்டுண்ணி சந்தானம் பெருக்குவது பூனையின் குடலில் மாத்திரமே. மழை பெய்கிறது, பூனை மலத்திலிருந்த கருக்கள் ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் போகின்றன. பூனையைக் கண்டறியாத டால்பின் பூனையின் வியாதியால் சாகிறது.

டாக்டர் நாடி பார்க்க வேண்டுமானால் நோயாளி கையை நீட்டவேண்டும். நாற்பது அடித் திமிங்கிலத்திடம் கையை எதிர்பார்ப்பது எப்படி? கரினா அஸிவேடோ-வைட்ஹவுஸ் என்ற பெண்மணி இதற்கு ஓர் உபாயம் செய்தார். தூரத்திலிருந்து ஓட்டும் விளையாட்டு ஹெலிகாப்டரின் அடியில் கண்ணாடித் தட்டுகளைக் கட்டி, கலிபோர்னியா வளைகுடாவில் மூச்சுவிடும் திமிங்கிலத்துக்கு நேர் மேலே பறக்கவிட்டார். பீறிட்டு வந்த சளி தட்டில் ஒட்டிக்கொண்டது. அதில் கிருமிகள் தெரிந்தன. 2010-இல் இதற்காக அவருக்கும் இரண்டு சகாக்களுக்கும் இக்-நோபல் என்ற பரிகாசப் பரிசு கிடைத்தது. நாம் சிரிக்கலாம், ஆனால் திமிங்கிலத்தைத் தொடாமல், துன்புறுத்தாமல் அதன் நுரையீரலைச் சோதிக்க வேறு வழி அதுவரை இருந்ததில்லை. இன்று பல கடல்களில் சிறு பறக்கும் பொறிகளைக் கொண்டு அந்த வேலையைச் செய்கிறார்கள்.

தடுப்பு ஊசி போடலாகாதா என்று வாசகர்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. கடல் பிராணிகளில் ஓர் இனத்துக்குப் போட்டிருக்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் மங்க் கடல்நாய் என்ற ஜாதியில் மொத்தம் 1,600 தான் எஞ்சியிருக்கின்றன. 2010-இல் அங்கே மாவி தீவில் ஒதுங்கிய அலகுத் திமிங்கிலம் ஒன்றில் இந்த வைரஸ் இருப்பது தெரிந்ததும், அது கடல்நாய்களுக்குத் தாவினால் இனமே போய்விடும் என்று கவலைப்பட்டார்கள். 2016 முதல், நீண்ட கழியின் முனையில் ஊசியைப் பொருத்தி, மணலில் படுத்து உறங்கும் கடல்நாயிடம் மெல்லப் பதுங்கிச் சென்று குத்திவிட்டு வருகிறார்கள். மருந்து, நாய் டிஸ்டெம்பரின் தடுப்புக்காகச் செய்தது. முதல் ஊசிக்குச் சில வாரங்களில் இரண்டாவது ஊசி. அதற்குள் எந்தக் கடல்நாய்க்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்று அடையாளம் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

டால்பின் மணலில் படுத்து உறங்குவதில்லை. தொட்டிகளில் வளரும் சில டால்பின்களுக்கு ஊசிமருந்தைச் சோதித்துப் பார்த்ததுண்டு. திறந்த கடலில் திரியும் கூட்டத்துக்குப் போடுவதற்கு மார்க்கம் ஏதும் இல்லை. 2017-ஆம் வருஷக் கடைசியில் பிரேஸில் தேசத்து ரியோ டி ஜெனீரோவுக்கு அருகேயுள்ள செபெதிபா விரிகுடாவில் இந்த நோய் புகுந்தபோது, சில மாதங்களில் 200-க்கு மேற்பட்ட கயானா டால்பின்கள் இறந்தன. அந்த விரிகுடாவைச் சுற்றிலும் தொழிற்சாலைகளும் துறைமுகமும் இருக்கின்றன. அமெரிக்காவின் கீழ்க்கரையிலோ, 2015-க்குப் பின் பிறந்த குட்டிகள் இப்பொழுது தாய்மார்களாகிக் கொண்டிருக்கின்றன. அந்த நோயை அவை கண்டதில்லை. அவற்றின் பக்கத்திலேயே நீந்தும் கிழ டால்பின்கள் சிலவற்றின் இரத்தத்தில் மட்டும் பழைய எதிர்ப்பொருள் இன்னும் இருக்கிறது.